சுவருக்குக் கடன் வாங்காதீர்கள்

வங்கியில் நான் வேளாண் கடன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ஐந்து ஏக்கர் வைத்திருந்த உழவர் ஒருவர் ஆடி மாதம் வந்து, நகையை வைத்துப் பயிர்க்கடன் வாங்கிப் போனார். நெல்லும் சின்ன வெங்காயமும் போடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்குப் போனேன். "வயலைப் பாக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க சார்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால் புதுசாக ஃபால்ஸ் சீலிங். அதற்குள் நீலமும் ரோஸுமாக மாறி மாறி எரியும் விளக்கு. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பூப்போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு சார்?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். அந்த வீட்டு அம்மா காப்பித் தம்ளரோடு நிற்கும்போது வேறென்ன சொல்வது?

அப்புறம் வயலுக்குப் போனோம். வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. வெங்காயம் இருக்க வேண்டிய இடத்தில் கோரையும் அறுகும். "அடுத்த பட்டத்துல போட்ருவேன் சார்" என்றார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கடன் கெடு தாண்டியது. நகை ஏலத்துக்குப் போகக்கூடாதென்று இரண்டு கறவை மாட்டை விற்றார். மாடு போனதும் எருக்குழி காலியானது. எருக்குழி காலியானதும் மூட்டை உரத்தைக் கடைக்காரரிடம் கடனுக்கு எடுத்தார். அந்தக் கணக்கு வருஷா வருஷம் ஏறியது. நானும் மாற்றலாகிப் போய்விட்டேன்.

இயற்கை வேளாண்மைப் பத்திரிகையில் வீட்டு அலங்காரம் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை முதலில் சொன்னேன். அந்தக் கூரை அலங்காரம் விழுங்கியது ஒரு எருக்குழியை. நம்மில் எத்தனையோ பேர் ரசாயனத்தை விட முடியாமல் தவிப்பதற்குக் காரணம் மண்ணில் இல்லை, வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூன்று வருஷம் பொறுத்து மண்ணை வளமாக்க எவனாலும் முடியாது.

வட்டிக் கணக்கை ஒரு நிமிஷம் பாருங்கள்

குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வங்கியில் 7 சதவீத வட்டி. கெடு தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். நம் மாநிலக் கூட்டுறவு சங்கங்களில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. உழவனுக்குக் கிடைக்கும் மிக மலிவான பணம் இதுதான். இதை எடுத்துச் சுவரில் பூசினால் சுவர் எதையும் விளைத்துத் தராது. கெடு தவறும். சலுகையும் போகும்.

வெளியே கடன் வாங்கினால் இன்னும் மோசம். 2 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி, 5 வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 4,450 ரூபாய். மொத்த வட்டி 67,000 ரூபாய்க்குள் முடியும். அதே 12 சதவீதத்தை "ஃபிளாட்" வட்டி என்று சொல்லி, முழுத் தொகைக்கும் 5 வருஷமும் போட்டால் வட்டி மட்டும் 1,20,000 ரூபாய். மாதத் தவணை 5,333. வாயில் சொல்வது 12, உண்மையில் நீங்கள் கட்டுவது சுமார் 20 சதவீதம். ஊரில் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 36 சதவீதம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய், முதல் அப்படியே நிற்கும். எந்தப் பயிர் இந்த வட்டியை மிஞ்சும்?

தையில் கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சுவர் தெரிவதில்லை. இந்தக் கணக்குதான் தெரிகிறது. தொழில் புத்தி, மன்னியுங்கள்.

நகரத்திலிருந்து புதிதாக விவசாயத்துக்கு வரும் தம்பிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். நிலம் வாங்கியதும் பலர் முதலில் கட்டுவது பண்ணை வீடு. கண்ணாடிக் கதவு, வெட்டிய புல்வெளி, ஊஞ்சல். நிலத்துக்கு உயிர்வேலி இருக்காது, மழைநீர் தேங்கக் குழி இருக்காது, இரண்டு மாடு இருக்காது. இரண்டாம் வருஷம் சேமிப்பு கரைந்ததும் "இயற்கை விவசாயம் கட்டுப்படியாகல" என்று நிலத்தை விற்றுவிட்டுப் போகிறார்கள். கட்டுப்படியாகாதது அந்தக் கண்ணாடிக் கதவு. பழி மட்டும் விவசாயத்தின் மேல்.

நாம் படித்த பாடம்தான்

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து சொன்னதன் சாரம் என்ன? வெளியிலிருந்து வாங்கும் இடுபொருளைக் குறை, பண்ணைக்குள் இருப்பதைச் சுழலவிடு. வயலில் அதைக் கடைப்பிடிக்கும் நாம் வீட்டுப் படியேறியதும் மறந்துவிடுகிறோம். பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் பெயின்ட், பிளாஸ்டிக் தோரணம். வீட்டுக்கும் இடுபொருள் உண்டுதானே?

கட்டடக் கலையில் இதே வழியில் நடந்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் செங்கல்லை நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விட்டுக் கட்டினால் செங்கல்லில் கால்பங்கு மிச்சம். உள்ளே காற்று நிற்பதால் வெயிலும் குறைவாக இறங்கும். நன்றாக அடுக்கிய செங்கல்லுக்குப் பூச்சே வேண்டாம், அதுவே அழகு என்றுதான் அவர் பல வீடுகளை விட்டுவைத்தார். புதிதாகக் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். பூசாத சுவருக்கு வண்ணமும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் செய்தது

முசிறிப் பக்கம் நிலத்தோடு ஒரு பழைய வீட்டையும் சேர்த்து வாங்கினேன். சுவர் அங்கங்கே பொரிந்து, முன்னால் இருந்தவர்கள் அடித்த எண்ணெய்ப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. பெயின்ட் கடையில் விலை கேட்டேன். ஆள்கூலியோடு சொன்ன தொகையில் ஒரு கறவை மாடும் கன்றும் வாங்கலாம். மாட்டை வாங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு அடிப்பதை நம் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காளவாயில் சுட்ட கல் சுண்ணாம்பாக வாங்குங்கள். இரும்பு டிரம்மிலோ சிமென்ட் தொட்டியிலோ முதலில் தண்ணீரை விட்டு, பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். குழந்தைகளை அண்டவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். இரண்டு நாளாவது ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் கல் உப்பும் பச்சரிசிக் கஞ்சியும் சேர்த்தால் சுவரில் பிடிக்கும், கையில் ஒட்டுவது குறையும். ஒரு சிட்டிகை நீலம் போட்டால் வெள்ளை பளிச்சென்று இருக்கும். சுவரை முதலில் நனைத்துவிட்டு அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது. "என்ன சார், தண்ணிய அடிச்ச மாதிரி இருக்கு?" என்று பக்கத்து வயல்காரர் சிரித்தார். காயக் காயத்தான் வெளுக்கும். கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் உரிந்துவிடும். மெல்லிசாக மூன்று பூச்சு.

சுட்ட சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. சுவர் மூச்சுவிடும், ஈரம் உள்ளே தங்காது. காரத்தன்மை இருப்பதால் பூஞ்சணம் பிடிப்பதும் குறைவு. மாட்டுக் கொட்டகைக்கும் அதையே அடித்தோம்.

இரண்டு எச்சரிக்கை. எண்ணெய்ப் பெயின்ட், பிளாஸ்டிக் பெயின்ட் மேல் சுண்ணாம்பு நிற்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவரை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துச் சுரண்டி, மூக்கைக் கட்டிக்கொண்டு, சுரண்டியதை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

வண்ணம் வேண்டுமென்றால் காவிக்கல் இருக்கிறது. வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவி அடித்தால் மழைச்சேறு தெறித்தாலும் தெரியாது, பார்வைக்கும் கோயில் மதில் மாதிரி லட்சணமாக இருக்கும். மஞ்சள் நிறத்துக்காக ஒருவர் மஞ்சள் தூளைச் சுண்ணாம்பில் கலந்துவிட்டு, "சிவப்பாயிடுச்சே" என்று எனக்குப் போன் செய்தார். ஆரத்தித் தட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மிச்சமிருந்த சுண்ணாம்பை மொட்டை மாடியில் அடித்தோம். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. நம் ஊர்க் கொத்தனாருக்கு அது எப்போதோ தெரியும். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேரே விழுவதால் அங்கே அவரைப் பந்தல் போட்டோம். சுவருக்கும் நிழல், குழம்புக்கும் காய்.

திரைச்சீலைக்கு என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலைகள். உட்காரக் கோரைப்பாய். எங்கள் பக்கம் காவிரிக்கரையில் விளையும் கோரைதான், நெய்கிறவரிடமே நேரில் வாங்கியது. ஜன்னலும் ஒரு கதவும், ஊரில் ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தபோது எடுத்தவை. பழைய மரம் என்றால் காரைக்குடிக்கு ஓடாதீர்கள். அங்கே அது பழம்பொருளாகிவிட்டது, விலையும் அப்படி. பக்கத்து ஊரில் வீடு பிரிக்கிறார்களா என்று கொத்தனாரிடம் கேட்டு வையுங்கள், போதும்.

எனக்குப் பிடித்த அலங்காரம் விதை. கூடத்து மாடத்தில் கண்ணாடிப் பாட்டில்களில் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, கிச்சிலிச் சம்பா, மொச்சை, தட்டைப்பயறு. அடுப்படியில் புகை படும் இடத்தில் விதைச் சோளக்கதிரைத் தொங்கவிட்டிருக்கிறோம், பூச்சி அண்டாது. முற்றின சுரைக்காயும் பீர்க்கும் உத்தரத்தில். வாசலில் ஒரு கட்டு நெற்கதிர், சிட்டுக்குருவிக்கு. வருகிறவர்கள் முதலில் கேட்பது சுவரைப் பற்றி இல்லை, "இது என்ன நெல்லு?" என்றுதான். அப்படிக் கேட்டவர்களில் மூன்று பேர் விதை வாங்கிப் போய்ப் போட்டிருக்கிறார்கள்.

வீட்டம்மா கேட்ட கேள்வி

எல்லாம் என் யோசனை என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. தரைக்குச் சாணம் மெழுகலாம் என்று ஒருநாள் பெரிய பிரசங்கமே செய்தேன். குளிர்ச்சி, மணம், பாரம்பரியம் என்று அடுக்கினேன். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எல்லாம் சரிங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை குனிஞ்சு மெழுகப்போறது யாரு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

நம் இயக்கத்து ஆண்கள் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சாணத் தரை, மாக்கோலம், மண்பானை, விறகடுப்பு என்று நாம் புகழும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெண்ணின் முதுகுவலி இருக்கிறது. கையில் பணம் செலவாகவில்லை என்பதால் அது செலவில்லாத அலங்காரம் ஆகிவிடாது. வங்கிக் கணக்கில் வராத செலவு, அவ்வளவுதான்.

கடைசியில் உள்ளே ரெட் ஆக்சைடு தரை போட்டோம். பழகிய கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரே நாளில் தேய்த்து முடித்து, ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் கட்டிப் பதமாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால் வருஷம் போகப் போக மெருகு கூடும். டைல்ஸ் மாதிரி வழுக்காது, துடைப்பதும் சுலபம். சாணம் மெழுகுவது களத்துக்கு மட்டும். அதை நான் செய்கிறேன். முதல் தடவை மெழுகியது ஊர் முழுக்கச் செய்தியாகிவிட்டது. இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சுண்ணாம்பு அடிப்பதும் என் பொறுப்பு. கோலம் அவருக்கு இஷ்டம் இருக்கிற அன்று. கல்மாவு வேண்டாம், அரிசி மாவுதான் வேண்டும் என்பது அவர் கட்சி, எறும்பு தின்னட்டும் என்று.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

இதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மை இல்லை. சுண்ணாம்பு அடித்த வீட்டைப் பார்த்து, "பேங்க்ல இருந்தவரு, கையில காசு இல்லபோல" என்று பேசினார்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, சிரித்துவிட்டுப் போகலாம். பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டிய சிறு உழவருக்கு அப்படி முடியாது. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தைப் பார்த்துக் குடும்பத்தை எடைபோடுகிறார்கள். நான் முதலில் சொன்ன உழவரும் ஊதாரி இல்லை. மகளுக்காகத்தான் செய்தார். ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாற வேண்டியது பார்க்கப் போகிறவர்கள். நம் இயக்கத்தில் பிள்ளை வைத்திருப்பவர்கள் பெண் பார்க்கப் போனால் முதலில் மாட்டுக் கொட்டகையையும் கிணற்றையும் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால், எந்தக் கடனில் போட்டது என்று மனசுக்குள்ளாவது கேளுங்கள்.

சுண்ணாம்பு வருஷா வருஷம் அடிக்க வேண்டும் என்பதும் உண்மைதான். அதற்குத்தான் பொங்கல் இருக்கிறது. குடும்பமே சேர்ந்து இரண்டு நாளில் முடிக்கிற வேலை. பெயின்ட் சில வருஷம் தாங்கும், ஆனால் மறுபடி அடிக்கும்போது மறுபடியும் கடன்.

அழகே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயிலில் வெந்துவிட்டு வருகிற மனுஷனுக்கு வீடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஆசைப்படுவதில் தப்பில்லை. வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் தண்ணீர், அடுத்தது மாடும் எருவும், அப்புறம் விதை, அதன்பின் ஒழுகாத கூரை. இவை முடிந்து, கைக்காசு மிஞ்சினால் சுவர். ஃபால்ஸ் சீலிங்கும் அப்படி மிஞ்சிய காசில் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை.

போகி வருகிறது. பழையன கழிதல் என்று சேலையையும் பாயையும் கொளுத்துவதற்கு முன், எது திரைச்சீலையாகும், எது மூடாக்காகும் என்று பிரித்துப் பாருங்கள். சுண்ணாம்பை இப்போதே வாங்கி ஊறப்போட்டால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். மட்டைக்குப் பனை மரம் இருக்கிறது. மட்டையின் அடியைத் தட்டி நாராக்கினால் போதும். என் கணக்கில் எங்கேயாவது தப்பு இருந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். வட்டிக் கணக்கில் மட்டும் தப்பு இருக்காது.